சம்பந்திகள் கட்டிய விமானம்

என் வாய் பொல்லாதது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் திருவனந்தபுரத்தில் சொல்வதற்கு ஆள் நிறைய உண்டு. தபாலாபீஸ் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான். என் ஜன்னலுக்கு முன்னால் மட்டும் வரிசை பயந்து அசையாமல் நிற்கும். தங்கையின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போன இடத்தில், "இந்த அடுக்களையில ஒராளு திரும்பணும்னா மத்தாளு முற்றத்துக்கு இறங்கணும் போல" என்று ஒரு வார்த்தை சொன்னேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் என்னோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

அதனால் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் எந்தக் குற்றமும் குறையும் நான் சொல்லக் கூடாது. "சாப்பிட்டியளா, சொகமா, போயிட்டு வாறேன். இந்த மூணையும் தவிர வேற ஒண்ணும் உனக்க வாயில இருந்து வரப்படாது, கேட்டியா?" என்றாள். நாலு வருஷம் அந்த மூன்றையும் வைத்தே காலம் தள்ளினேன்.

சம்பந்தியம்மாள் இருப்பது வலியசாலையில். ஆரியசாலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன். அந்த மகனும் என் மகளும் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார்கள். இங்கே மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேரும், ஒரு எவர்சில்வர் டப்பாவும். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான் அதில் முறுக்கு கொண்டுபோவேன். வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்று அவர் அதில் நேந்திரங்காய் வறுவல் போட்டு அனுப்புவார். அதற்குமேல் எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

சிவராத்திரி கழிந்து ஒருநாள் அவரே போன் பண்ணினார். "சம்பந்தி, ஒரு சம்சயம். அவன் அலமாரிக்கு மேல வச்சிட்டுப் போன பெட்டியில சிதல் ஏறுது. தொறந்து பாக்கவா?"

எனக்குத் தெரியும் அந்தப் பெட்டி. என்னைவிடக் கொஞ்சம்தான் குள்ளம். மாப்பிள்ளை ஆசைப்பட்டு வரவழைத்தது. பிரித்துப் பார்ப்பதற்குள் விசா வந்துவிட்டது. ரிமோட்டில் பறக்கும் விமானம் என்று பெயர்தானே தவிர, உள்ளே விமானம் கிடையாது, வெறும் மரக்குச்சியும் பலகையும்தான், நாம்தான் கட்ட வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். கட்டி முடித்தால் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை ஒன்பது அடி.

டப்பாவில் முறுக்கைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு பேருமாகப் பெட்டியை இறக்கிப் பிரித்தோம். கறையான் அட்டையைத் தின்றதோடு சரி, மரத்தைத் தொடவில்லை. பால்சா மரம். மூன்றடிப் பலகை ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்த மாதிரியே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தியம்மாள் ஒரு துண்டை மேஜைமேல் வைத்து ஊதினார். அது நகர்ந்து கீழே விழுந்தது. அவரும் சிரித்தார். நாலு வருஷத்தில் அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த பிளானை விரித்தோம். வாசலில் ஆரம்பித்து அடுக்களைப் படி வரை போயிற்று. ரவிக்கைக்குக் காகிதத்தில் வரைந்து வெட்டுவது எனக்குக் கைவந்த வேலை. இதுவும் அப்படித்தான்: படத்தின் மேலேயே மரத்தை வைத்து, குண்டூசி குத்தி நிறுத்தி, பசை வைக்க வேண்டும். "இது நமக்குச் செய்யத்தக்கதுதான், சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். சத்தியத்தில் இல்லாத நாலாவது வாக்கியம் அது.

மாப்பிள்ளையிடம் போனில் அனுமதி கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "தாராளமா கட்டுங்கோ அத்தை, கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போ பறக்க விடலாம்" என்றார். எங்களுக்குப் பொழுது போகாமல் விளையாட்டுக்குக் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

திங்கள், புதன், வெள்ளி என்று நாள் வைத்துக்கொண்டோம். காலை பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்கு வருவேன். சம்பந்தியம்மாள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் பிளேடு, கொறடு, கையுறை, பஞ்சு எல்லாம் ஒரு ஸ்டீல் தட்டில் வரிசையாக இருக்கும். நான் கை நீட்டினால் கேட்காமலே கத்தி வந்து உட்காரும். இறக்கைக்குள் நிற்கும் மெல்லிய பலகைத் துண்டுகளுக்கு ரிப், அதாவது விலா எலும்பு, என்று பெயர் போட்டிருந்தது. "நமக்குப் பன்னெண்டு ஜோடி. இதுக்கு ரெண்டு ஜோடி கூடுதல், பாத்தியளா" என்றார். பசை காய்கிற நேரத்தில் வார்டுக் கதை சொல்வார். நான் தபாலாபீஸ் கதை சொல்வேன். ஊர்ப்பட்ட பெண்கள் வார்த்தைக்கு வார்த்தை உள்ளர்த்தம் தேடும்போது, இவர் பேச்சில் ஒரு வளைவும் இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுதான் பயம். சத்தியத்துக்காக மூடி வைத்திருந்த வாயை இப்போது எனக்காகவே மூடி வைத்தேன். அவர் பசையை அதிகமாகப் பிதுக்குவார், அதைச் சொல்லவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைப்பார், அதையும் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் கூடப்பிறந்தவளையே இழந்தவள்; சம்பந்தி எம்மாத்திரம்.

மே மாசக் கடைசியில் உடலும் வாலும் முடிந்தன. ஹாலில் நடக்க இடமில்லை. இடவப்பாதி மழையும் பிடித்துக்கொண்டது. வலியசாலை ரோட்டில் முழங்கால் தண்ணீர். அதனால் இறக்கைகளை ஆளுக்கொன்றாக வீட்டில் வைத்தே கட்டுவது என்று பிரித்துக்கொண்டோம். இடது எனக்கு, வலது அவருக்கு. தம்பானூரில் பெரிய பிளான் எல்லாம் காப்பி எடுக்கிற ஒரு கடையில் கொடுத்துக் காப்பி எடுத்து, அதை அவருக்குக் கொடுத்துவிட்டு ஒறிஜினலை நான் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை இறக்கைக்குப் போய்விட்டது. மொத்த வியாபாரக் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் என் கணவர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்குக் குறை சொல்லிப் பழக்கமில்லை.

கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், மழை ஒருநாள் விட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் அவருடைய இறக்கை கிடந்தது. அநேகமாக முடிந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். இறக்கைக்கு முன் ஓரம் தடியாக இருக்கும், பின் ஓரம் மெலிந்திருக்கும். மேல்பக்கம் வளைவு, அடிப்பக்கம் சமம். நுனி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தால் இடதா வலதா என்று தெரிந்துவிடும். அவர் கட்டியிருந்தது இடது. என் வீட்டில் கிடப்பதும் இடது. இரண்டு இடது செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

நடந்தது என்ன என்று எனக்கு உடனே புரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பிளானில் இடது இறக்கை மட்டும்தான் வரைந்திருந்தது. வலது வேண்டுமென்றால் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் கோடு தெரியும்படி எண்ணெய் தடவிக்கொள்ளவும் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. காப்பியில் அந்த மூலை விழவே இல்லை. எனக்கு இடது என்பதால் நான் அதைப் படிக்கவும் இல்லை.

ஆனால் அந்தக் கட்டில் அருகே நின்றபோது என் தொண்டை வரைக்கும் வந்தது வேறு. "கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் கட்டினியளா?" என்பதுதான் வந்தது. விழுங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாச வேலை. "நல்லா வந்திருக்கு, சம்பந்தி" என்றேன். டப்பாவை வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் படி இறங்கிவிட்டேன்.

வழியெல்லாம் யோசித்தேன். அவர் கட்டியது இடதாகவே இருக்கட்டும். நான் கட்டியதை ஒளித்துவைத்துவிட்டு, சத்தமில்லாமல் ஒரு வலது கட்டிவிட்டால் தீர்ந்தது. அவருக்குத் தப்புச் செய்தோம் என்பதே தெரிய வேண்டாம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். என் இடது இறக்கையைச் சேலையில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகினேன். புதிதாகப் பால்சா வரவழைத்தேன். எம்பிராய்டரி டிசைன் எடுப்பதற்குக் காகிதத்தில் எண்ணெய் தடவுவது எனக்குப் பழக்கம்தான். தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டு படம் முழுவதையும் துடைத்தேன். காகிதம் கண்ணாடி போல ஆயிற்று. பதினாலு ரிப்பையும் கையாலேயே வெட்டினேன். மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன். கழுத்து திரும்பவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன், வாயைத் திறக்காமல் ஒரு காரியம் செய்து முடித்தேனே என்று.

சிங்க மாசம், நம் ஆவணி, பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை இறக்கைகளைச் சேர்த்துப் பார்க்க நாள் குறித்தோம். எங்கள் வீட்டில்தான். சம்பந்தியம்மாள் ஆட்டோவில் வந்தார். பெட்ஷீட் சுற்றிய இறக்கை ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேஜையில் என்னுடையதன் அருகே வைத்து, பெட்ஷீட்டை விலக்கினார்.

அதுவும் வலது.

நான் அதைப் பார்த்தேன். அவர் என்னுடையதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "சம்பந்தி, உங்களுக்கு இடதுல்லா?" என்று மெல்லக் கேட்டார். "நான்தான் மொதல்ல தப்பா இடது கட்டிட்டேன். சொல்ல நாணமா இருந்துது. அதான் மாத்தி வலது கட்டினேன்."

நாலு வருஷம் கட்டி வைத்திருந்த அணை அந்த இடத்தில் உடைந்தது. "உங்களுக்கு அறிவு இருக்கா?" என்றேன். "தப்புன்னு தெரிஞ்சா ஒரு போன் பண்ணப்படாதா? பத்து நிமிஷ நடை, நாக்கு இல்லியா உங்களுக்கு? உங்க மானத்தைக் காப்பாத்தணும்னு நான் மூணு வாரமா இங்க கழுத்தொடிஞ்சு கிடக்கேன். நீங்க அங்க மூடிக்கிட்டு இன்னொண்ணு கட்டுதியளா? முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இடது காலு வலது காலு பாத்துத்தான் கட்டு போட்டியளா, இல்ல கிடைச்ச காலுக்கா?"

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. சம்பந்தியம்மாள் பெட்ஷீட்டை நாலாக மடித்தார். குடையை எடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் படி இறங்கிப் போய்விட்டார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கணவர் சாப்பிட வந்தார். மேஜையில் இரண்டு இறக்கையையும் என் முகத்தையும் பார்த்தார். "என்னவாக்கும் சொன்ன?" என்றார். அவருக்கு அனுபவம் உண்டு. நான் சொன்னேன். காலைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மகளுக்குப் போன்ல விளிச்சு முன்கூட்டியே சொல்லிரலாமா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், மகளைப் பற்றி எனக்கு அப்போது நினைப்பே இல்லை. இனி திங்கள், புதன், வெள்ளி நான் எங்கே போவேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு எனக்குச் சிநேகிதி என்று ஒருத்தி வாய்த்ததில்லை. அறுபது வயசில் ஒருத்தி கிடைத்தாள், அவளையும் என் வாய் தின்றுவிட்டது. அழுதேன். கணவர் அடுக்களைக்குப் போய்த் தானே சோறு போட்டுக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் ஆட்டோச் சத்தம். சம்பந்தியம்மாள் நின்றார். கையில், முதலில் கட்டிய அந்த இடது இறக்கை. உள்ளே வராமல் வாசற்படியில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"நாலு வருஷம் வாயைத் தொறக்காம இருந்து இன்னைக்குத்தான் தொறந்தியளே, இனி நான் சொல்லதையும் கேளுங்கோ. ஒறிஜினலை நீங்க வச்சுக்கிட்டு மூலை போன காப்பியை எனக்குத் தந்தியளே, அது நியாயமா? கட்டில்ல கிடந்ததைப் பாத்திட்டு நல்லா வந்திருக்குன்னு சொன்னியளே, அது நியாயமா? ஒண்ணை நல்லாருக்குன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. நீங்க படி இறங்கினதுமே எங்கேயோ தப்புன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு, உக்காந்து தேடிக் கண்டுபிடிச்சு, காகிதத்தைத் திருப்பிப் போட்டு புது மரத்துல கட்டினேன். பிறகு உங்களுக்க முறுக்கு. நாலு வருஷமா அதைக் கடிச்சுக் கடிச்சு எனக்க கடவாய்ப்பல்லு ரெண்டு ஆடுது. பேஷண்டுக்குக் குடுத்தா கேஸாயிரும்."

அடுக்களையில் என் கணவருக்குப் புரையேறியது. நான் எழுந்து அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, சேலையில் சுற்றியிருந்த என் இடது இறக்கையை வெளியே இழுத்தேன். இரண்டு இடதையும் மேஜையில் வைத்தேன். இப்போது நாலு இறக்கைகள். விமானம் ஒன்றுதான். சம்பந்தியம்மாள் முதலில் சிரித்தாரா நானா என்று ஞாபகம் இல்லை. மூச்சு முட்டி அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏன் ஒண்ணும் சொல்லாமப் போனிய?" என்று கேட்டதற்கு, "இதை எடுக்கத்தான். ஆட்டோ கிடைக்க நேரமாயிட்டு" என்றார். "திட்டு வாங்கினதுல எனக்கு என்ன? டாக்டர்மாருக்கிட்ட கேக்காத திட்டா?"

இனிமேல் அவரை அவள் என்றே எழுதுகிறேன். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். அன்றையிலிருந்து எங்களுக்குள் நீ, நான்தான்.

நான் கட்டிய இடதும் அவள் கட்டிய வலதும் விமானத்துக்குப் போயின. மேலே ஒட்டும் மெல்லிய தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இழுத்தோம். என்னுடையதற்கு மஞ்சள், அவளுடையதற்குச் சிவப்பு. நிறத்தில் ஒத்துப்போகவில்லை, அதற்கும் ஒரு சண்டை. ஊருக்குள்ளேயே விமான நிலையம் இருப்பதால் இங்கே பறக்க விட அனுமதி இல்லை. காட்டாக்கடை தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மைதானத்தில் இதே பைத்தியம் பிடித்த ஏழெட்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள் என்று விசாரித்துப் போனோம். அவர்களுடைய செக்ரட்டரி நல்ல மனுஷன். சேலை கட்டிய இரண்டு பேரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் விமானத்துக்கு மோட்டாரும் ரிமோட்டும் அவரே பொருத்திக் கொடுத்தார், தெர்மோகோல் விமானம் ஒன்றைக் கையில் கொடுத்துப் பழக்கினார். அதை நாங்கள் மூன்று தடவை ரப்பர் மரத்தில் மாட்டினோம்.

பழகுவதில் ஒரே ஒரு கஷ்டம்தான். விமானம் நம்மைவிட்டுப் போகும்போது இடது இடதுதான். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலது பக்கம் வந்துவிடும், கை குழம்பிப்போகும். செக்ரட்டரி ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். இடது வலது யோசிக்க வேண்டாம். வரும்போது எந்தப் பக்கம் தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமாகவே ரிமோட்டில் இருக்கும் குச்சியைத் தள்ளு, நிமிர்ந்துவிடும். எனக்குப் பிடிபட்டது. அவளுக்குப் பதற்றம் வந்தால் எல்லாம் மறந்துபோகும்.

கிறிஸ்மஸ் லீவில் பிள்ளைகள் வந்தார்கள். மறுநாள் காலையிலேயே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். புல்மேல் ஒன்பது அடிக்கு இறக்கையை விரித்துக்கொண்டு அது நிற்பதைப் பார்த்து மாப்பிள்ளை வாயடைத்துப்போனார். சுற்றிச் சுற்றி வந்தார். தொட்டுப் பார்த்தார். "நெஜமாவே கட்டிட்டியளா?" என்று ஏழு தடவை கேட்டார். செக்ரட்டரி முதலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து இறக்கிவிட்டு, ரிமோட்டை எங்களிடம் நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா என்பதால் முதலில் அவள் என்றேன். "இப்பம் மட்டும் மரியாதை" என்று முறைத்துக்கொண்டே வாங்கினாள்.

புல்லில் கொஞ்ச தூரம்தான் ஓடியது. பிறகு தரையில் இல்லை. நாங்கள் ஒட்டிய பசை, நாங்கள் குத்திய குண்டூசி, எல்லாம் சேர்ந்து ரப்பர் மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மஞ்சளும் சிவப்பும் வெயிலில் தெரிந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் என் மகள் பிறந்த அன்றைக்கு இருந்தது, பிறகு இப்போதுதான்.

அது திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. மஞ்சள் இறக்கை தாழ்ந்தது. நான் அவளுக்கு வலது பக்கம் நின்றிருந்தேன். அவள் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளினாள். விமானம் இன்னும் சரிந்தது. "சேச்சி, ஞான் எடுக்கட்டே?" என்று செக்ரட்டரி கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"உனக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று கத்தினேன். "என் பக்கம் தள்ளு. என் பக்கம், கழுதை, என் பக்கம்!"

தள்ளினாள். இறக்கை நிமிர்ந்தது. தலைக்கு மேலே ஒரு சுற்று போய், தாழ்ந்து, புல்லில் இரண்டு தடவை குதித்து நின்றது. ஒன்றும் உடையவில்லை. ஆண்கள் கை தட்டினார்கள்.

கை தட்டாதவள் என் மகள் மட்டும்தான். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, மன்னிச்சிருங்கோ. அம்மைக்க வாயி அப்படி, மனசுல ஒண்ணும் கிடையாது" என்றாள்.

சம்பந்தியம்மாள் விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நீ எதுக்கு மோளே மன்னிப்பு கேக்க? உனக்க அம்மை எனக்க கூட்டுக்காரியாக்கும். அவ என்னை ஏசுவா, நான் அவளை ஏசுவேன். எங்களுக்கு நடுவுல நீ வராத."

பிறகு ரிமோட்டை என் கையில் திணித்தாள். "அடுத்தது நீ."

வாங்கிக்கொண்டேன். அவள் என் வலது பக்கம் வந்து நின்று, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, நான் ஒன்றும் செய்வதற்கு முன்பே ஏச ஆரம்பித்தாள்.